மீட்டரில் 12 வோல்ட்... மருந்தடித்தால் படுத்துவிடும்! பேட்டரியைச் சோதிப்பது எப்படி?

கையால் பம்ப் அடித்து மருந்து தெளித்த காலம் மாறி, இப்போது சிறு விவசாயிகள் வீட்டிலும் பேட்டரி ஸ்பிரேயர் வந்துவிட்டது. இரவில் மோட்டார் போடப் போனால் டார்ச் லைட், தலையில் மாட்டும் ஹெட்லைட், காட்டுப்பன்றிக்குச் சூரிய மின்வேலி என்று பண்ணையில் பாதி வேலை பேட்டரியை நம்பித்தான் நடக்கிறது. பேட்டரி எப்போது கைவிடும் என்பதுதான் தெரிவதில்லை. வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பேட்டரி தொடர்பானவை இந்த இதழில் ஒன்றாகத் தரப்படுகின்றன.

கேள்வி: “பேட்டரி ஸ்பிரேயர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால் சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனால், இரண்டாவது டேங்கிலேயே அழுத்தம் குறைந்துவிடுகிறது. ஒரு கடையில் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். எது சரி?”
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: இரண்டில் எதற்கும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். 12.6 வோல்ட் என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது எடுத்த அளவு. அதை வைத்து பேட்டரியின் பலத்தைச் சொல்ல முடியாது.

கிணற்றை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். காலையில் எட்டிப் பார்த்தால் இரண்டு கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மோட்டார் போட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும். ஊற்று நன்றாக இருக்கும் கிணற்றில் மட்டம் கொஞ்சம் இறங்கி அப்படியே நிற்கும். ஊற்று அடைபட்ட கிணறு கால் மணி நேரத்தில் காற்றை இழுக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் மறுபடி ஏறியிருக்கும். பேட்டரியும் இப்படித்தான். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட், நிற்கும் தண்ணீர் மட்டம். வேலை கொடுக்கும்போது காட்டும் வோல்ட்தான் ஊற்றின் பலம்.

இதற்குக் காரணம் பேட்டரிக்கு உள்ளேயே இருக்கும் தடை. ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி புதிதாக இருக்கும்போது இந்த உள்தடை மிகக் குறைவு. ஒரு ஓமில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கும். பம்ப் 2 ஆம்பியர் இழுத்தால், 0.03 ஓம் தடையில் இழப்பு 0.06 வோல்ட். கவனிக்கக்கூட வேண்டாத அளவு. பேட்டரி பழையதாகி, உள்ளே உள்ள ஈயத் தகடுகளில் உப்பு படிந்து, உள்தடை 0.6 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அதே 2 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் உள்ளேயே தொலைந்துபோகும். 12.6 என்று காட்டிய பேட்டரி, பம்ப் ஓடும்போது 11.4 வோல்ட்தான் கொடுக்கும். நேரம் ஆக ஆக இன்னும் இறங்கும்.

சோதனைக்கு இரண்டு பொருள் போதும். ஒன்று, எலெக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இன்னொன்று, கார், ஆட்டோ இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு. இந்த பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். ஒரு நாசிலுடன் ஓடும் ஸ்பிரேயர் பம்பும் ஏறத்தாழ இந்த அளவுதான் இழுக்கிறது. எனவே, பம்ப் கொடுக்கும் வேலையைத்தான் பல்பும் பேட்டரிக்குக் கொடுக்கிறது.

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, மூன்று நான்கு மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். சார்ஜரைக் கழற்றியவுடன் பார்த்தால் இல்லாத வோல்ட்டையும் சேர்த்துக் காட்டும். ஆறிய பிறகு 12.7 அல்லது அதற்கு மேல் இருந்தால் சார்ஜ் ஏறியிருக்கிறது என்று பொருள். முழு சார்ஜுக்குப் பிறகும் 12.4-ஐத் தாண்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஏதோ ஒன்று பலவீனம். 10.5 பக்கத்தில் நின்றால் ஓர் அறை செத்துவிட்டது. அந்த பேட்டரிக்கு மேற்கொண்டு சோதனை தேவையில்லை.

அடுத்து பல்பை இணைத்து எரிய விட்டு, பத்து நிமிடம் கழித்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் வோல்ட் பார்க்க வேண்டும். தோராயமாக இப்படிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

• 12.2-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறது. கோளாறு வேறு இடத்தில்.
• 11.5 முதல் 12.2 வரை என்றால் பாதி ஆயுள் போய்விட்டது. சிறு பரப்புக்கு இன்னும் உதவும்.
• 11.5-க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

பல்பு நன்றாகச் சூடாகும். வைக்கோல், சாக்கு பக்கத்தில் வைக்கக் கூடாது. சிலர் பேட்டரியின் இரண்டு முனையையும் ஒரு கம்பியால் தொட்டு, தீப்பொறி வருகிறதா என்று பார்க்கிறார்கள். இது சோதனையே இல்லை. சாகும் நிலையில் உள்ள பேட்டரியும் ஒரு நொடி பொறி கொடுக்கும். நல்ல பேட்டரியாக இருந்தால் கம்பி பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.

பேட்டரி தேறிவிட்டால், அதை ஸ்பிரேயரில் மாட்டி, துப்பாக்கிப் பிடியை அழுத்தித் தண்ணீர் தெளித்துக்கொண்டே, முதலில் பேட்டரி முனையிலும், பிறகு பம்புக்குப் போகும் ஒயர் முனையிலும் வோல்ட் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் உள்ள சுவிட்ச், கிளிப், துரு ஏறிய இணைப்பு இவற்றில்தான் கோளாறு. உப்புத்தாள் கொண்டு தேய்த்து இறுக்கினால் சரியாகிவிடும். இரண்டு இடத்திலும் 12 வோல்ட் நின்றும் அழுத்தம் இல்லையென்றால் வடிகட்டி அடைப்பு, நாசில் தேய்மானம், பம்ப் உள்ளே உள்ள ரப்பர் கிழிசல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு கடைக்குப் போனால், எதை மாற்ற வேண்டும் என்று விவசாயியே சொல்லிவிடலாம்.

கேள்வி: “டேங்கின் அடியில் உள்ள சின்ன மீட்டர் 12 என்று காட்டும்வரை மருந்தடிக்கிறோம். அழுத்தம் கொஞ்சம் குறைந்தால் என்ன, மருந்து போய்க்கொண்டுதானே இருக்கிறது?”
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: மருந்து போகிறது; போக வேண்டிய அளவு போவதில்லை. பம்ப் தளர்ந்தால் நாசிலில் வரும் அளவு குறைகிறது. பனி போல விழ வேண்டிய துளி பெரிதாகி, இலையில் தங்காமல் உருண்டு கீழே விழுகிறது.

ஒரு கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர் மருந்துக் கரைசல் தெளிக்க வேண்டும். நாசில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கொடுக்கிறது. பேட்டரி தளர்ந்த பிறகு அது 700 மில்லியாகக் குறைகிறது. நடக்கும் வேகமோ மாறுவதில்லை. அப்படியானால் கடைசியில் அடித்த பகுதிக்கு ஏக்கருக்கு 140 லிட்டர் கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. 100-க்கு 30 பங்கு குறைவு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வயலின் ஒரு பக்கம் பூச்சி கட்டுப்பட்டிருக்கும்; மறு பக்கம் அப்படியே இருக்கும். ‘மருந்து போலி’ என்று கடைக்காரரிடம் சண்டை, அல்லது அடுத்த முறை அளவைக் கூட்டி அடிப்பது என்று செலவு இரட்டிப்பாகிறது. குறைந்த அளவு மருந்து பட்டும் பிழைக்கும் பூச்சிகள்தான் அந்த மருந்துக்கு எதிர்ப்புச் சக்தியையும் வளர்த்துக்கொள்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவுக் குவளையும் கைப்பேசியில் உள்ள கடிகாரமும் போதும். பச்சைத் தண்ணீரை ஊற்றி, புதிதாக சார்ஜ் போட்ட பேட்டரியில் ஒரு நிமிடத்துக்கு நாசிலில் எவ்வளவு வருகிறது என்று பிடித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மருந்தடித்து முடித்து டேங்கைக் கழுவும்போது மறுபடி ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். 10-ல் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால், அந்த பேட்டரிக்கு அத்தனை டேங்க் கொடுக்கக் கூடாது.

டேங்கில் உள்ள மீட்டரை, பிடியை அழுத்தி மருந்து பீய்ச்சும்போது பார்க்க வேண்டும். பிடியை விட்டவுடன் பம்ப் நின்றுவிடும். வோல்ட் மேலே ஏறிவிடும். நின்று இளைப்பாறும்போது பார்த்து 12 இருக்கிறது என்று நம்புவதால்தான் ஏமாற்றம். பீய்ச்சும்போது 11-க்கு இறங்கினால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு சார்ஜ் போடுவது பேட்டரிக்கும் நல்லது, பயிருக்கும் நல்லது.

‘8 ஆம்பியர்-மணி’ என்று பேட்டரி மேல் போட்டிருப்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 8-ஐ 2-ஆல் வகுத்து நான்கு மணி நேரம் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஈய அமில பேட்டரிக்கு அந்த அளவு, 20 மணி நேரம் மெதுவாக, அதாவது 0.4 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுத்தால் மொத்தமே குறைந்துவிடும். 2 ஆம்பியர் வீதம் எடுத்தால் புதிய பேட்டரியே ஏறத்தாழ மூன்றேகால் மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்றால் அது 200 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எனவே, ஒரு சார்ஜுக்கு ஓர் ஏக்கர் என்பதே உச்சவரம்பு. இரட்டை நாசில், நான்கு நாசில் மாட்டினால் பம்ப் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். நேரம் இன்னும் சுருங்கும்.

கேள்வி: “சம்பாவுக்கு மருந்தடித்துவிட்டு மூலையில் வைத்த ஸ்பிரேயரை ஐந்து மாதம் கழித்து எடுத்தால் சார்ஜே ஏறவில்லை. ஓடாமலே பேட்டரி எப்படிக் கெடும்?”
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஸ்பிரேயர் பேட்டரிகள் பல, உழைத்துக் கெடுவதைவிட, சும்மா கிடந்துதான் கெடுகின்றன. ஈய அமில பேட்டரியில் மின்சாரம் எடுக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் என்ற உப்பு உண்டாகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்து பழைய நிலைக்குப் போய்விடும். அப்படியே விட்டால் கெட்டிப்பட்டு, தகட்டின் மேல் ஓடு போலப் படிந்துவிடும். பிறகு எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் கரையாது. உள்தடை கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

முழு சார்ஜில் வைத்தாலும் பேட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 25 டிகிரி வெப்பத்தில் மாதத்துக்கு 100-க்கு 3 பங்கு அளவில் குறையும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் இந்த வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். தகரக் கொட்டகையில் கோடை முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. மருந்தடித்த அன்று மாலையே, பாதி சார்ஜ் மீதி இருந்தாலும், முழுதாக சார்ஜ் போட வேண்டும். ‘முழுக்க இறக்கிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்’ என்பது இந்த பேட்டரிக்குப் பொருந்தாது. அடிவரை இறக்கினால் ஆயுள் குறையும். பருவம் முடிந்ததும் டேங்கையும் அடிப்பெட்டியையும் கழுவிக் காயவைத்து, பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, வீட்டுக்குள் நிழலில் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை அமாவாசை அன்றோ, பால் கணக்குப் பார்க்கும் அன்றோ, நினைவில் நிற்கும் ஒரு நாளில் சார்ஜ் போடலாம். பச்சை விளக்கு வந்த பிறகு நாள் கணக்கில் மலிவான சார்ஜரிலேயே விட்டுவைப்பதும் கெடுதல். பேட்டரி சூடாகி உப்பிவிடும். உப்பிய பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது.

கேள்வி: “டார்ச் லைட்டில் மங்கிப்போன கட்டைகளை வெயிலில் காயவைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக எரிகிறது. அதே கட்டை சுவர்க் கடிகாரத்தில் மாதக் கணக்கில் ஓடுகிறது. இது எப்படி?”
– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: சிறிய கட்டைதான் டார்ச்சிலும் கடிகாரத்திலும் மாறி மாறிப் போகும். இரண்டும் கேட்கும் மின்சாரத்தில்தான் வித்தியாசம். பழைய குண்டு பல்பு டார்ச் 300 முதல் 500 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். சுவர்க் கடிகாரத்துக்குச் சராசரியாக ஒரு மில்லி ஆம்பியர்கூட வேண்டாம். ஊற்று அடைபட்ட கிணற்றில் மோட்டார் ஓட்ட முடியாது; ஆனால், குடத்தால் மொண்டுகொள்ளலாம் அல்லவா? அதுதான் இது. எனவே, டார்ச்சுக்கு ஆகாத கட்டையைக் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் பயன்படுத்துவது நல்ல சிக்கனம்.

சாதாரணக் கட்டையில் வெளிக்கூடு துத்தநாகம், நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் மாங்கனீஸ் டை ஆக்சைடு கலந்த கறுப்பு விழுது. தொடர்ந்து எரிக்கும்போது கரிக்குச்சியைச் சுற்றிக் கழிவு சேர்ந்து மின்னோட்டத்தைத் தடுக்கிறது. ஓய்வு கொடுத்தால் அது மெல்ல விலகும். வெயிலில் வைத்தால் அந்த வேலை வேகமாக நடக்கிறது. புதிய சக்தி எதுவும் உள்ளே போவதில்லை. மிச்சம் இருந்ததுதான் வெளியே வருகிறது. அதோடு, தேய்ந்துபோன துத்தநாகக் கூடு சூட்டில் பொத்துக்கொண்டு, உள்ளே இருப்பது கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கையே அரித்துவிடும்.

சிக்கனத்துக்கு ஓர் எல்லை வேண்டும். இரவில் மும்முனை மின்சாரம் வரும்போது வரப்பில் நடந்து மோட்டார் போடப் போகிறவர் கையில் இருக்கும் டார்ச்சுக்கு வெயிலில் காய்ந்த கட்டையைப் போடக் கூடாது. வீட்டு வாசலில் பளிச்சென்று எரிந்தது, கிணற்று மேட்டுக்குப் போகும்முன் மங்கிவிடும். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நடமாடும் நேரம் அது. புறப்படும் முன் டார்ச்சை ஐந்து நிமிடம் தொடர்ந்து எரிய விட்டுப் பார்த்தால், வழியில் கைவிடுமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

புதிய கட்டையையும் பழைய கட்டையையும் கலந்து போடுவதும் தவறு. புதியது தள்ளும் மின்சாரம் பழையதன் வழியாகத்தான் போக வேண்டும். பலவீனமான கட்டை அதைத் தாங்காமல் கசியும். டார்ச் எரியும்போதே ஒவ்வொரு கட்டையையும் மீட்டரில் பார்த்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே போனது இருந்தால் மொத்தமாக மாற்றிவிட வேண்டும். அதிக வெளிச்சம் தரும் டார்ச்சுக்கு அல்கலைன் கட்டை ஏற்றது. அதன் உள்தடை குறைவு. விலை கூடுதல் என்பதால் கடிகாரத்துக்கு அது வேண்டாம், சாதாரணக் கட்டையே போதும்.

கேள்வி: “லித்தியம் பேட்டரி போட்ட ஸ்பிரேயர் நல்லது என்கிறார்கள். பழைய சார்ஜரையே அதற்குப் போடலாமா? சந்தையில் 9,800 எம்ஏஎச் லித்தியம் செல் 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?”
– வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: லித்தியம் பேட்டரி எடை குறைவு. முதுகில் 16 லிட்டர் சுமந்து நடக்கிறவருக்கு இரண்டு கிலோ குறைந்தாலே பெரிய நிம்மதி. வேகமாக எடுத்தாலும் கொள்ளளவு அதிகம் குறையாது. கடைசிவரை அழுத்தம் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஆனால், முடியும்போது முன்னறிவிப்பு இல்லாமல் சட்டென்று நின்றுவிடும். உள்ளே உள்ள பாதுகாப்பு அட்டை மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் காரணம். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பழைய சார்ஜரைப் போடவே கூடாது. ஈய அமில சார்ஜர் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். மூன்று செல் வரிசையுள்ள லித்தியம் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாதது. அளவு மீறினால் செல் உப்பி, தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. பேட்டரி மேலும் சார்ஜர் மேலும் எழுதியிருக்கும் வோல்ட் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே பயன்படுத்த வேண்டும். நீண்ட நாள் வைக்கும்போது லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. ஈய பேட்டரியை முழு சார்ஜில் வைக்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஹெட்லைட்டுகளில் வரும் விரல் பருமன் செல்லுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். இந்த அளவு கூட்டுக்குள், நல்ல நிறுவனங்கள் தயாரிப்பதிலேயே சுமார் 3,500 எம்ஏஎச், அல்லது அதைச் சற்றே தாண்டித்தான் அடைக்க முடிகிறது. 9,800 என்று அச்சடித்திருந்தால், அந்த அச்சே அது போலி என்பதற்குச் சாட்சி. பெரும்பாலும் பழைய செல்லுக்குப் புது உறை போட்டதாக இருக்கும். வேலை கொடுத்தவுடன் படுத்துவிடும்.

கேள்வி: “சூரிய மின்வேலி பேட்டரி பகலில் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது. ஆனால், விடியற்காலையில் பன்றி உள்ளே வந்துவிடுகிறது.”
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பகலில் பார்ப்பது பேட்டரியின் அளவல்ல, சோலார் தகடு ஏற்றிக்கொண்டிருக்கும் அளவு. இரவெல்லாம் வேலை பார்த்த பிறகு, சூரியன் எழும் முன் பார்க்க வேண்டும். அப்போது 12.2-க்குக் கீழே இருந்தால் தகட்டில் தூசி, நிழல், அல்லது பேட்டரி முதுமை காரணம். தகட்டைத் துடைத்து மூன்று வெயில் நாள் கழித்தும் அதே நிலை என்றால் பேட்டரியை பல்பு சோதனைக்கு உட்படுத்தலாம். விடியற்காலையிலும் வோல்ட் நன்றாக இருந்தால் கோளாறு கம்பியில்தான். புல், கொடி படர்ந்து மின்துடிப்பு தரையில் இறங்கியிருக்கும். எர்த் கம்பியும் காய்ந்த மண்ணில் பிடிப்பு இழந்திருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் வீட்டு மின்சாரத்தை வேலியில் கொடுக்கக் கூடாது. அது குற்றம், உயிரும் போகும்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

ஈய பேட்டரியை உடைத்து ஈயத்தை எடுப்பதும், அமிலத்தை வாய்க்காலில் ஊற்றுவதும் மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். வாங்கும்போது தயாரித்த மாதத்தைப் பார்ப்பதோடு, 21 வாட் பல்பை மாட்டி, எரியும்போது வோல்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். நல்ல சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர் மறுக்க மாட்டார்.